மாலையில் அரை மணி நேரம்

பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துவிட்டோம், இனி அவனுக்கு எழுத்தறிவிப்பது ஆசிரியர் பொறுப்பு என்று இருந்துவிடுவது நம் அங்கத்தினர் குடும்பங்கள் பலவற்றில் காணப்படும் வழக்கம். இதற்கு அவர்கள் கூறும் காரணம் பெரும்பாலும் ஒன்றே. "நாங்கள் படித்தவர்கள் அல்லர், வீட்டுப்பாடத்தில் நாங்கள் என்ன உதவி செய்துவிட முடியும்?" என்பார்கள். இவ்வினா பணிவிலிருந்து எழுவதேயன்றி அசட்டையிலிருந்து எழுவதன்று. ஆயினும் இதனுள்ளே தவறான எண்ணம் ஒன்று மறைந்து கிடக்கிறது. வீட்டார் செய்யும் உதவி என்பது பாடம் சொல்லிக் கொடுத்தல் என்று அவர்கள் கருதுகின்றனர். தொடக்க வகுப்பில் பயிலும் பிள்ளைக்கு வீட்டார் செய்ய வேண்டியது அதுவன்று. நாள்தோறும் சிறிது நேரத்தை அப்பிள்ளைக்கென்றே ஒதுக்கி, அதனை வேறு எந்த வேலைக்கும் கொடாமல் காத்தல் ஒன்று. பிள்ளை படிப்பதைக் காது கொடுத்துக் கேட்டல் மற்றொன்று. இவ்விரண்டிற்கும் எழுத்தறிவு வேண்டுவதில்லை. மனவுறுதி ஒன்றே வேண்டும்.

கூட்டுறவு ஏட்டில் இப்பேச்சு எதற்கு?

நெசவாளர் சங்கங்களுக்கும் வேளாண்மைக் கடன் சங்கங்களுக்கும் ஆய்வுக்குச் செல்லும் என் போன்றோர்க்கு இவ்வினாவின் விடை ஏடுகளிலேயே கிடைத்துவிடுகிறது. கூலிப் பட்டியலில் இன்றும் கைநாட்டுகள் உள்ளன. கையொப்பமிடுவோரிலும் தம் பாஸ் புத்தகத்தைச் சங்கப் பேரேட்டுடன் ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஒப்பிட்டுப் பார்ப்பவர் எத்தனை பேர்? பொதுப் பேரவையில் வரவு செலவு அறிக்கை படிக்கப்படும்பொழுது, இந்தச் செலவு எதற்கு என்று எழுந்து கேட்பவர் எத்தனை பேர்? அங்கத்தினர் படித்துப் பார்க்கும் சங்கத்தில் கணக்கு ஒழுங்காக இருக்கும். படித்துப் பார்க்க ஆளில்லாத சங்கத்தில் நல்ல செயலாளர் வாய்த்தால் உண்டு, இல்லையேல் இல்லை. ஒரு சங்கம் தன் அங்கத்தினரின் நல்லூழை நம்பி நடக்கலாகாது. அவர்களது கண்ணை நம்பியே நடக்க வேண்டும். இருபது ஆண்டுகளுக்குப் பின் அப்பேரவையில் அமரப்போகிறவர்கள் இன்று மூன்றாம் வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கும் நம் பிள்ளைகளே.

நம் இயக்கத்தின் முன்னோடிகளும் இதனை அறிந்திருந்தனர். 1844-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ராச்டேல் நகரில் கூட்டுறவுக் கடை திறந்த 28 பேரில் நெசவாளரும் இருந்தனர். மாவும் வெண்ணெயும் விற்கத் தொடங்கிய அந்தச் சங்கம், பின்னர்த் தன் இலாபத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென்று ஒதுக்கி நூலகமும் வாசிப்பறையும் நடத்தியது. 1995-ஆம் ஆண்டு மான்செஸ்டரில் கூடிய சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டணி வகுத்த ஏழு கொள்கைகளுள் ஐந்தாவது, கல்வியும் பயிற்சியும் தகவலும் என்பதாகும். ஆகவே, பிள்ளைகளின் படிப்பு நம் இயக்கத்திற்குப் புறம்பானதன்று.

பள்ளி நம்மிடம் கேட்பது எவ்வளவு?

வீட்டுப்பாடம் என்றவுடன் இரவு பத்து மணிவரை பிள்ளை குனிந்து எழுதும் காட்சியே பலர் நினைவுக்கு வருகிறது. தொடக்க வகுப்புகளுக்கு அரசு வகுத்துள்ள அளவு அதுவன்று. முதல் இரண்டு வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் தரலாகாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆணையிட்டது. ஒன்றிய அரசின் கல்வி அமைச்சகம் 2020-ஆம் ஆண்டு வெளியிட்ட பள்ளிப் பை பற்றிய கொள்கையும் அவ்வாறே கூறுகிறது. மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை வாரத்திற்கு இரண்டு மணி நேரத்திற்கு மிகாமலும், ஆறு முதல் எட்டு வரையில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மிகாமலும் வீட்டுப்பாடம் இருக்கலாம் என்பது அதன் அளவு.

வாரத்திற்கு இரண்டு மணி நேரம் என்பதை ஐந்து நாட்களுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு 24 நிமிடம் ஆகிறது. அரை மணி நேரங்கூட இல்லை. எட்டு மணி நேரம் தறிக்கும் வயலுக்கும் கொடுக்கும் குடும்பம், இந்த அரை மணி நேரத்தைப் பிள்ளைக்குக் கொடுக்க இயலாது என்று சொல்லுவதற்கில்லை.

முதல் இரண்டு வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்து வேலை இல்லையென்றால் அவர்கள் பொருட்டு வீட்டார் செய்ய ஒன்றுமில்லை என்பதன்று. மாலையை எவ்வாறு கழித்தாய், என்ன விளையாடினாய், என்ன உண்டாய் என்று வகுப்பில் அவர்களைப் பேசச் சொல்ல வேண்டும் என்று அதே கொள்கை ஆசிரியருக்கு வழிகாட்டுகிறது. அப்படியானால் வீட்டில் பேச்சு நடந்திருக்க வேண்டும். பிள்ளையோடு எவரும் பேசாத வீட்டிலிருந்து வரும் குழந்தை வகுப்பில் எதைச் சொல்லும்? மதுரையிலும் பரமக்குடியிலும் சேலத்திலும் சௌராஷ்டிரத்தை வீட்டு மொழியாகப் பேசும் நெசவாளர் குடும்பங்கள் பல உள்ளன. வேறு ஊர்களில் தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் உள்ளனர். தமிழ் வழியில் பிள்ளை படிப்பதால் வீட்டு மொழியில் பேசினால் படிப்புக் கெடுமோ என்று இவர்களுள் சிலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் வேண்டுவதில்லை. பாட்டி எந்த மொழியில் கதை சொன்னாலும், முன்னது எது பின்னது எது, ஏன் அவ்வாறு நடந்தது என்று ஓர் எண்ணத்தைக் கோவையாகச் சொல்லப் பிள்ளை அதிலிருந்தே கற்கிறது.

இதற்கு மேல் வகுப்பறை நம்மிடம் எதிர்பார்ப்பன மிகச் சில. பிள்ளை நாள்தோறும் வர வேண்டும். நேரத்தில் வர வேண்டும். நோட்டும் பென்சிலும் கொண்டுவர வேண்டும். இரவு போதிய அளவு உறங்கியிருக்க வேண்டும். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கான காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கப்பட்டு, 2023 ஆகஸ்டில் மாநிலமெங்கும் உள்ள அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டது. தாய்மார் காலையில் தறியில் அமரும் வீடுகளில் பிள்ளை பசியோடு வகுப்பில் இருக்கும் குறையைப் போக்க அது வந்தது. பிள்ளை நேரத்தில் சென்றாலன்றோ அவ்வுணவு அதற்குக் கிட்டும்?

அரும்பு, மொட்டு, மலர்

"அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு ஒரு பயிற்சி, என் பிள்ளைக்கு வேறொரு பயிற்சியா?" என்று குறைப்படும் பெற்றோர் உளர். இதன் காரணத்தை அவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில், 2020 மார்ச்சு மாதம் மூடப்பட்ட தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் முதல் நாளன்றே மீண்டும் திறக்கப்பட்டன. அவ்விடைக்காலத்தில் பிள்ளைகள் வகுப்பில் உயர்ந்தனரேயன்றிக் கல்வியில் உயரவில்லை. அக்குறையைப் போக்க 2022 ஜூன் மாதத்தில் தமிழ்நாடு அரசு 'எண்ணும் எழுத்தும்' என்னும் இயக்கத்தை முதல் மூன்று வகுப்புகளில் தொடங்கியது. அடுத்த கல்வியாண்டில் அது நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. இதன்படி பிள்ளைகள் தாம் கற்றிருக்கும் அளவுக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளாகப் பிரிக்கப்பட்டு, அவரவர் நிலைக்குரிய பயிற்சி தரப்பட்டது.

அரும்பு நிலையில் தம் பிள்ளை இருக்கிறது என்றால் அதனைப் பெற்றோர் இழிவாகக் கொள்ளலாகாது. நாற்றங்காலில் இருக்கும் பயிரை ஏன் கதிர் விடவில்லை என்று எந்த உழவரும் கடிவதில்லை. நீரும் எருவும் இடுகிறார். அதே வேளையில், மேல் வகுப்புக்கு மாற்றப்பட்டதை வைத்துப் பிள்ளை கற்றுவிட்டது என்று மகிழ்ந்திருத்தலும் ஆகாது. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரையில் எப்பிள்ளையும் நிறுத்திவைக்கப்படுவதில்லை. பிள்ளை மனமுடைந்து பள்ளியை விட்டு விலகாதிருக்க ஏற்பட்ட நல்ல ஏற்பாடு அது. ஆனால் அதன் விளைவாகக் குறை வெளியே தெரியாமல் மறைந்து நிற்கவும் கூடும். மூன்றாம் வகுப்பில் எழுத்துக் கூட்டத் தடுமாறும் பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்பில் எல்லாப் பாடமும் சுமையாகிவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பில் அச்சுமை தாங்காது "எனக்குப் படிப்பு வராது" என்று வீட்டில் அமர்ந்துவிடுகிறது. படிப்பு வராமல் போனதன்று. உரிய காலத்தில் எவரும் கேட்டுப் பார்க்காமல் போனதே ஆகும்.

தறியும் வயலும் கேட்பது

இனி, நம் வீடுகளில் இந்த அரை மணி நேரம் எங்கே போகிறது என்பதை மறைக்காமல் பேசுவோம். கைத்தறி நெசவு ஒருவர் தனித்துச் செய்யும் தொழிலன்று. தறியில் அமர்பவர் ஒருவர் என்றால், அவருக்குத் தார் சுற்றித் தரவும், அறுந்த இழையை இணைக்கவும், பாவோட்டும்பொழுது உடன் நிற்கவும் வீட்டார் அனைவரும் வேண்டியிருக்கிறது. காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வெவ்வேறு நிறமாதலால், கரைக்குரிய நாடாவைத் தள்ளத் தறியின் பக்கத்தில் இரண்டாம் ஆள் ஒருவர் அமர வேண்டும். நெடுங்காலம் அவ்விடத்தில் அமர்ந்தவர்கள் பெரும்பாலும் சிறுபிள்ளைகளே. வேளாண் குடும்பங்களிலும் நடவு, களையெடுப்பு, அறுவடை என்று வரும்பொழுது கைக்குழந்தையைக் கவனிப்பதும் ஆடுமாடுகளைப் பார்ப்பதும் பள்ளிப் பிள்ளையின், அதிலும் பெண்பிள்ளையின் தலையில் விழுகின்றன.

1953-ஆம் ஆண்டு சென்னை மாநிலத்தில் ஒரு கல்வித் திட்டம் கொண்டுவரப்பட்டது. ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பாட வேளையை நாளொன்றுக்கு மூன்று மணி நேரமாகக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்பது என்பது அதன் சாரம். மக்களிடையே பெரும் எதிர்ப்பு எழுந்து 1954-ஆம் ஆண்டு அத்திட்டம் கைவிடப்பட்டது. அரசு ஆணையாக வந்தபொழுது நம் முன்னோர் ஏற்க மறுத்ததை, இன்று நம் வீட்டுக்குள் நாமே நடத்தி வருகிறோமா என்று ஒவ்வொருவரும் நெஞ்சில் கை வைத்துக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சட்டமும் தெளிவாகவே உள்ளது. 2016-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 14 வயது நிரம்பாத பிள்ளையை எத்தொழிலிலும் வேலைக்கு வைக்கலாகாது. குடும்பத்திற்கு உதவுவதற்கு விலக்கு உண்டு. அதுவும் பட்டியலில் கண்ட அபாயகரமான தொழில்களுக்குப் பொருந்தாது. அவ்வுதவி பள்ளிப் படிப்பைப் பாதிக்கலாகாது. பள்ளி நேரத்திலும், இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரையிலும் நடைபெறலாகாது என்று 2017-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன.

"கூலி கூடினால் பிள்ளையை ஏன் தார் சுற்றச் சொல்லப் போகிறோம்?" என்று அங்கத்தினர் கேட்கலாம். அது நியாயமான கேள்வி. பிள்ளை சுற்றாத தாரைத் தாய் சுற்ற வேண்டும். தாய் சுற்றினால் அவளது உறக்கம் குறையும், அல்லது சேலை முடிய நாள் கூடும். இந்தச் செலவை இல்லையென்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அதனைப் பிள்ளையின் கணக்கில் எழுதிவிடுவது சரியன்று என்கிறேன். மோட்டார் பொருத்திய தார் சுற்றும் இராட்டை இப்பொழுது பல ஊர்களில் புழக்கத்தில் உள்ளது. பிள்ளையின் கை செய்யும் வேலையை அது எளிதிற் செய்து முடிக்கும். அதனை அங்கத்தினருக்குத் தவணையில் வாங்கித் தருவது சங்கத்தால் ஆகாத காரியமன்று. கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதங்களுக்குக் கட்டணமின்றி வழங்கப்படும் மின்சாரம் 2023-ஆம் ஆண்டு 200 யூனிட்டிலிருந்து 300 யூனிட்டாக உயர்த்தப்பட்டதும் இங்கு நினைக்கத் தக்கது. பிள்ளை படிக்கத் தனி விளக்கு ஒன்று எரிவதால் குடும்பம் நொடித்துவிடாது.

எழுத்தறியாத பெற்றோர் செய்யத் தக்கவை

முதலாவது, இடமும் நேரமும் குறித்தல். தறி ஓசை குறைவாக உள்ள மூலையில் ஒரு பாயும் ஒரு விளக்கும் போதும். மாலை 6 மணி என்றால் நாள்தோறும் 6 மணியே. அந்நேரத்தில் கடைக்கு அனுப்புதல், தங்கையைத் தூக்கச் சொல்லுதல், தொலைக்காட்சியை முழக்குதல் ஆகியவற்றை விலக்க வேண்டும். கைப்பேசியில் வீட்டுப்பாடம் அனுப்பும் பள்ளிகள் உண்டு. அக்கைப்பேசியோ தந்தையின் சட்டைப்பையில் வெளியூர் சென்றுவிடுகிறது. ஆகவே வீட்டுப்பாடத்தைப் பிள்ளையின் நோட்டிலேயே குறித்தனுப்புமாறு ஆசிரியரை வேண்டிக்கொள்ளலாம்.

இரண்டாவது, கேட்டல். பட்டு நெசவாளர் சங்கம் ஒன்றின் ஆய்வின்பொழுது, அங்கத்தினர் ஒருவரின் வீட்டுத் தறியைப் பார்வையிடச் சென்றேன். தாய் தார் சுற்றிக்கொண்டிருந்தார்; நான்காம் வகுப்பில் பயிலும் மகள் அருகில் அமர்ந்து பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு இடங்களில் அத்தாய், "நில்லு கண்ணு, அதை மறுபடியும் படி" என்றார். தாம் பள்ளிக்குச் சென்றதில்லை என்று அவர் முன்னரே சொல்லியிருந்தமையால், "அம்மா, அவள் படிப்பது பிழையென்று நீங்கள் எவ்வாறு அறிந்தீர்கள்?" என்று கேட்டேன். "எழுத்து எனக்குத் தெரியாதுங்க ஐயா. ஆனால் தறியில் இழை அறுந்தால் ஓசையிலேயே தெரிந்துவிடும் அல்லவா? அதுபோல் இவள் தடுக்கினால் தெரிந்துவிடுகிறது" என்றார். வீட்டுப்பாட உதவி என்பதற்கு இதனினும் நல்ல விளக்கத்தை நான் எந்த நூலிலும் கண்டதில்லை. படித்து முடித்ததும், அக்கதையில் என்ன நடந்தது என்று பிள்ளையை அதன் சொந்தச் சொற்களில் சொல்லச் சொன்னால், புரிந்து படித்ததா, வாயால் மட்டும் படித்ததா என்பது விளங்கிவிடும்.

மூன்றாவது, நம் தொழிலிலிருந்தே கணக்குக் கேட்டல். ஒரு சிட்டம் பருத்தி நூல் 840 கெஜம். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் உண்டோ அதுவே நூலின் நம்பர். 40-ஆம் நம்பர் நூல் ஒரு பவுண்டில் எத்தனை கெஜம் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்கலாம். 33,600 கெஜம் என்று பெருக்கிச் சொல்லும்பொழுது, பெருக்கல் எதற்குப் பயன்படுகிறது என்பதும் அதற்கு விளங்கும். உழவர் வீட்டில் யூரியா மூட்டை 45 கிலோ, டி.ஏ.பி. மூட்டை 50 கிலோ; இரண்டு மூட்டை யூரியாவும் ஒரு மூட்டை டி.ஏ.பி.யும் வண்டியில் ஏற்றினால் எத்தனை கிலோ? ஓர் ஏக்கர் 100 சென்ட் என்றால் அரைக்கால் ஏக்கர் எத்தனை சென்ட்? பாஸ் புத்தகத்தைப் பிள்ளையிடம் கொடுத்துக் கடைசி வரியைப் படிக்கச் சொல்லுங்கள். பயிர்க்கடனை உரிய தேதிக்குள் செலுத்தும் அங்கத்தினருக்கு வட்டிச் சுமை இல்லை. அத்தேதி என்ன, இன்னும் எத்தனை நாள் உள்ளது என்று நாள்காட்டியைப் பார்த்து எண்ணச் சொல்லுங்கள். பிள்ளைக்குக் கணக்கும் வரும். தந்தைக்குத் தவணையும் தவறாது.

நான்காவது, செய்யாமல் இருக்க வேண்டியது. பிள்ளையின் வீட்டுப்பாடத்தை அண்ணனோ அக்காளோ எழுதித் தருவது பல வீடுகளில் உதவி என்று எண்ணப்படுகிறது. அது உதவியன்று. கணக்கில் குறை இருந்தால் அக்குறை ஏட்டில் அப்படியே தெரிய வேண்டும்; அழித்துத் திருத்திய ஏடு ஆய்வாளரை ஏமாற்றும், ஆனால் சங்கத்தைக் காக்காது. அதுபோல, பிள்ளை தவறாக எழுதினால் தவறாகவே பள்ளிக்குச் செல்லட்டும். எங்கே அதற்கு விளங்கவில்லை என்பதை ஆசிரியர் அறிந்துகொள்ளும் வழி அதுவே. தவறுக்காக அடித்தலும், அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு இகழ்தலும் கூடவே கூடாது. அடிக்கு அஞ்சி அமரும் பிள்ளையின் கண் புத்தகத்தின்மீது இராது. அடிப்பவர் கையின்மீதே இருக்கும்.

பள்ளியிடம் நாம் கேட்கத் தக்கவை

எதிர்பார்ப்பு ஒருதலையானதன்று. 2009-ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், பெற்றோர்க்கும் சில உரிமைகளை வழங்கியுள்ளது. ஆசிரியர் நேரந்தவறாது பள்ளிக்கு வர வேண்டும். பாடத்தை உரிய காலத்தில் முடிக்க வேண்டும். பின்தங்கிய பிள்ளைக்குக் கூடுதலாகக் கற்பிக்க வேண்டும். பெற்றோரைக் கூட்டிப் பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்பன அதில் கண்ட கடமைகள். பிள்ளையை அடித்தலும் மனத்தைப் புண்படுத்தலும் அச்சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளன. தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டில் 200 வேலை நாட்கள் இருக்க வேண்டும் என்பதும் அதன் அட்டவணையில் உள்ளது.

இவற்றைக் கண்காணிக்கவே பள்ளி மேலாண்மைக் குழு ஏற்பட்டது. அதன் உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும் என்பது சட்டம். நம் சங்கத்திற்கு நிர்வாகக் குழு எவ்வாறோ, பள்ளிக்கு அக்குழு அவ்வாறு என்று கொள்ளலாம். சங்கத் தேர்தலில் காட்டும் ஆர்வத்தில் பத்தில் ஒரு பங்கையேனும் அக்குழுக் கூட்டத்திற்குச் செல்வதில் காட்டுவோமானால், பள்ளியின் நிலை உயரும். "கூட்டத்திற்குப் போனால் அரை நாள் கூலி போகிறதே" என்பது மெய்தான். அதற்கும் வழியுண்டு. அங்கத்தினர் துணி கொடுத்துக் கூலி பெறச் சங்கத்திற்கு வரும் நாளிலேயே பெற்றோர் கூட்டத்தையும் வைக்குமாறு தலைமையாசிரியரைக் கேட்டுக்கொள்ளலாம். கூட்டத்திற்குச் சென்றால் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: என் பிள்ளை இப்பொழுது எந்த நிலையில் உள்ளது? எதில் தடுமாறுகிறது? வீட்டில் நாங்கள் செய்ய வேண்டுவது என்ன? இம்மூன்றையும் கேட்கும் பெற்றோரின் பிள்ளையை எந்த ஆசிரியரும் மறப்பதில்லை.

சங்கம் செய்யத் தக்கவை

தனி வீட்டால் ஆகாததைக் கூடிச் செய்வதற்கே கூட்டுறவு ஏற்பட்டது. ஒரே அறையில் தறியும் அடுப்பும் படுக்கையும் உள்ள வீட்டில் பிள்ளைக்கு அமைதியான மூலை எங்கே? சங்கக் கட்டடமோ மாலையில் பூட்டிக் கிடக்கிறது. அங்கே விளக்கு உண்டு, மின்விசிறி உண்டு, விரிக்கப் பாயும் உண்டு. மாலை 6 மணி முதல் 7 மணி வரை அதனைத் திறந்துவிட்டு, அத்தெருவில் பள்ளிப் படிப்பு முடித்த பெண் ஒருவரை மேற்பார்க்கச் செய்தால் போதும். இது புதிய கற்பனையன்று. 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் திட்டத்தில், ஊர்தோறும் தன்னார்வலர்கள் மாலை வேளையில் தெருத் திண்ணையிலும் பொதுக் கூடத்திலும் பிள்ளைகளை அமர்த்திக் கற்பித்தனர். அரசு காட்டிய வழியைச் சங்கம் தன் அளவில் தொடரலாம். அதற்காகும் சிறுசெலவைப் பொதுநல நிதியிலிருந்து செய்யத் துணைவிதிகள் இடம் தருகின்றனவா என்று பார்த்து, நிர்வாகக் குழு முறைப்படி தீர்மானம் இயற்ற வேண்டும்.

வேறொரு தீர்மானத்திற்குச் செலவே இல்லை. பள்ளி நேரத்தில் சிறுவர் கையில் துணியோ நூலோ கொடுத்தனுப்பினால் சங்கம் அதனைப் பெற்றுக்கொள்ளாது; கொடுக்கவும் கொடுக்காது என்பதே அது. ஒரு வாரம் முணுமுணுப்பு இருக்கும். அடுத்த வாரம் பெரியவர்களே வருவார்கள். உழவர் சங்கங்களும் உரம் பெறுவதற்குப் பள்ளிப் பிள்ளையை வரிசையில் நிறுத்தும் வழக்கத்தை அவ்வாறே நிறுத்தலாம். ஆண்டுப் பேரவைக்கு ஊர்த் தலைமையாசிரியரை அழைத்துப் பத்து நிமிடம் பேசச் செய்வதும், அங்கத்தினரின் பிள்ளை ஒருவரைக் கொண்டு கூட்ட அறிவிப்பைப் பேரவையில் படிக்கச் செய்வதும் நல்ல பழக்கங்களாகும்.

அங்கத்தினர் அன்பர்களே! மழைக்காலத்தில் தறிக்குழியில் நீர் ஊறினால், அது வற்றும்வரை தொழிலை நிறுத்திவிடுகிறோம். நல்ல நாள் பெரிய நாளுக்கும் நிறுத்துகிறோம். ஊரில் துக்கம் என்றாலும் நிறுத்துகிறோம். இவை அனைத்திற்கும் இடம் கொடுக்கும் தறி, பிள்ளையின் அரை மணி நேரத்திற்கும் இடம் கொடுக்கும். ஒரு நாள் விட்ட நெசவை மறுநாள் கூட நெய்து ஈடு செய்யலாம். மூன்றாம் வகுப்பில் விட்ட எழுத்தை முப்பது வயதில் பெறுவது எளிதன்று. இவ்விதழைப் படிப்பவர், படிக்க இயலாத தம் அண்டை வீட்டு அங்கத்தினருக்கு இதனைச் சொல்ல வேண்டும். அவர் வீட்டுப் பிள்ளையைக் கொண்டே படிக்கச் செய்து அவரைக் கேட்கச் செய்தால் இன்னும் நலம். அன்றைய அரை மணி நேரம் அங்கேயே தொடங்கிவிட்டதாகும்.